காக்பிட்டில் ஐந்து பேர்

பறந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டால் விமானம் அப்படியே விழுந்துவிடுமா? விமானம் ஏறுகிற எல்லோருக்கும் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்திருக்கும். பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், விட்டுவிடுவோம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

விழாது. விமானத்தைத் தூக்கி நிறுத்துவது இறக்கை. இன்ஜின் வேகத்தைத் தருகிறது. அந்த வேகத்தில் இறக்கையைத் தழுவி ஓடும் காற்றுதான் விமானத்தைத் தாங்குகிறது. எல்லா இன்ஜின்களும் நின்றாலும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தால் வேகம் கிடைத்துக்கொண்டே இருக்கும். 2001 ஆகஸ்டில் டொராண்டோவிலிருந்து லிஸ்பனுக்குப் போன ஏர் டிரான்சாட் விமானம் ஒன்றில் எரிபொருள் கசிந்து முழுவதும் தீர்ந்துபோனது. அட்லாண்டிக் கடலுக்கு மேல் இரண்டு இன்ஜின்களும் நின்ற பிறகு சுமார் 19 நிமிடம் மிதந்து வந்து அசோர்ஸ் தீவு ஒன்றில் இறங்கியது. உள்ளே இருந்த 306 பேரும் பிழைத்தார்கள்.

ஆகவே இன்ஜின் நிற்பது பற்றி இவ்வளவு போதும். அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று இருக்கிறது. ஏதோ உடைந்துவிட்டது, என்ன உடைந்தது என்று முழுதாகத் தெரியவில்லை, நானூறு பேர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் காக்பிட்டில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? இதைப் புரிந்துகொள்ள குவாண்டாஸ் 32 என்ற விமானத்தின் கதையைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு அதை அணு அணுவாக ஆராய்ந்து 2013இல் இறுதி அறிக்கை வெளியிட்டது. விமானத்தின் கேப்டனும் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதியிருக்கிறார்.

2010 நவம்பர் 4. இடம் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம், நம் ஊர்க்காரர்கள் பலருக்கும் பழகிய இடம். காலை பத்து மணிக்குச் சற்று முன்பு சிட்னி நோக்கி ஓர் ஏர்பஸ் ஏ380 கிளம்பியது. உலகத்திலேயே மிகப் பெரிய பயணிகள் விமானம், இரண்டு மாடி, நான்கு இன்ஜின். பயணிகள் 440 பேர், பணியாளர்கள் 29 பேர். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி. அவரோடு துணை விமானி மேட் ஹிக்ஸ், இரண்டாம் நிலை விமானி மார்க் ஜான்சன். கேப்டனுக்கு அன்று வருடாந்தரச் சோதனை. அவர் எப்படிப் பறக்கிறார் என்று பார்க்க ஹாரி வப்பன் என்ற இன்னொரு கேப்டன் உடன் வந்திருந்தார். வப்பனுக்கு அந்தச் சோதனை வேலையைக் கற்றுக்கொடுக்க டேவிட் எவன்ஸ் என்ற மூத்த கேப்டனும் வந்திருந்தார். ஆக, காக்பிட்டில் ஐந்து விமானிகள்.

கிளம்பி நான்கு நிமிடம். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல் 7,000 அடி உயரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்தடுத்து இரண்டு வெடிச்சத்தம் கேட்டது.

இடது இறக்கையில் உடலை ஒட்டியிருக்கும் இரண்டாம் எண் இன்ஜினுக்குள் ஒரு டர்பைன் தட்டு உடைந்து சிதறியிருந்தது. இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜினுக்குள் சுழலும் பிளேடு ஒன்று ஒடிந்தால் வெளிக்கூடு அதைத் தடுத்து உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதற்கேற்பத்தான் கூட்டைச் செய்கிறார்கள். ஆனால் பிளேடுகளைத் தாங்கும் கனமான தட்டே உடைந்தால், அதைத் தடுக்கக்கூடிய கூட்டைப் பறக்கும் எடையில் செய்ய முடியாது. அதனால் தட்டு உடையவே கூடாது என்பதற்கான கவனமெல்லாம் அதன் தயாரிப்பிலேயே போடப்படுகிறது. அன்று உடைந்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. எரிபொருள் தொட்டிகளில் ஓட்டை விழுந்தது. நூற்றுக்கணக்கான மின்கம்பிகள் அறுந்தன. இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளில் ஒன்று போய்விட்டது, மற்றதும் பழுதுபட்டது. பிரேக், இறக்கையின் முன்விளிம்புப் பலகைகள், எரிபொருளை வெளியே கொட்டும் அமைப்பு என்று ஒரே நொடியில் பல கைவிட்டுப் போயின.

இது எதுவும் விமானிகளுக்குத் தெரியாது. காக்பிட்டிலிருந்து அந்த இறக்கையின் காயம் கண்ணுக்குப் படாது.

கேப்டன் செய்த முதல் காரியம் மிகச் சிறியது. ஏறிக்கொண்டிருந்த விமானத்தை இருக்கும் உயரத்தில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். விமானம் 7,400 அடியில் சமநிலைக்கு வந்தது. ஏறுவதற்கு வேண்டிய அவ்வளவு விசை சமமாகப் பறப்பதற்கு வேண்டியதில்லை. மிச்சம் இருக்கும் இன்ஜின்களின் சுமை குறைகிறது, யோசிக்க நேரம் கிடைக்கிறது. விமானிகளுக்குப் பயிற்சியின் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கும் வரிசை இது: முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து எங்கே போகிறோம் என்று பார், அதற்குப் பிறகு பேசு. எந்தப் பழுது வந்தாலும் இந்த வரிசை மாறக்கூடாது. கோளாறு வந்த சில நிமிடங்களுக்கு ஸ்பீக்கரில் கேப்டன் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று பயணிகள் தவிப்பார்கள். பேச்சு மூன்றாவது இடத்தில் இருப்பதுதான் காரணம்.

அடுத்தது வேலைப் பங்கீடு. ஒருவர் விமானத்தை ஓட்டுவார், வேறெதிலும் கண்ணைத் திருப்ப மாட்டார். இன்னொருவர் பழுதைப் பார்ப்பார், பட்டியலைப் படிப்பார். இருவரும் ஒரே பழுதில் தலையைக் கொடுத்துவிட்டால் விமானத்தை ஓட்ட ஆள் இல்லாமல் போகும். அன்று டி கிரெஸ்பினி ஓட்டினார், ஹிக்ஸ் பட்டியலை எடுத்தார். கட்டுப்பாட்டு மையத்துக்கு ‘பான் பான்’ என்று சொன்னார்கள். அவசரம் உண்டு, ஆனால் இந்தக் கணமே உயிருக்கு ஆபத்தில்லை என்பதற்கான சங்கேதம் அது. அதற்கும் மேலான நிலைக்குத்தான் ‘மேடே’. கடலுக்கு மேல் வட்டமடித்துக் காத்திருக்க இடம் கேட்டார்கள்.

ஏன் உடனே திரும்பி இறங்கவில்லை? வெடித்த விமானத்தில் எதற்காக வட்டமடிக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆனால் என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமல் ஓடுபாதைக்கு வந்தால், சக்கரம் இறங்குமா, பிரேக் பிடிக்குமா, எந்த வேகத்தில் வரவேண்டும் என்பதையெல்லாம் தரையைத் தொடும்போதுதான் கண்டுபிடிக்க நேரும். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. பறப்பது பத்திரமாக இருக்கும் வரை ஆகாயத்தில்தான் அவகாசம் இருக்கிறது. தீ கட்டுக்கடங்காமல் பரவினால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.

இந்த விமானத்தில் ஒரு கணினி அமைப்பு உண்டு. எது பழுதானது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதை முக்கியத்துவ வரிசையில் திரையில் காட்டும். வழக்கமாக ஒன்றோ இரண்டோ வரும். அன்று முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் 43 செய்திகள் வந்தன. ஒன்றைப் படித்து முடித்தால் அடுத்தது. எச்சரிக்கை மணி ஓயவில்லை. ஹிக்ஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். எதைச் செய்யச் சொல்கிறது, அதைச் செய்யலாமா என்று பேசி, செய்து, அடுத்ததுக்குப் போனார்கள். அதற்கே சுமார் 50 நிமிடம் ஆனது.

“செய்யலாமா” என்ற இடத்தைக் கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலுக்குக் கீழ்ப்படிவதல்ல அவர்கள் தொழில். இரண்டு இறக்கைகளிலும் எரிபொருளின் எடை சமமாக இல்லை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்று என்று கணினி சொன்னது. தொட்டியும் குழாயும் ஓட்டையாக இருக்கலாம் என்ற நிலையில், நல்ல எரிபொருளை அந்த வழியாக அனுப்புவது சரியா? வேண்டாம் என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். கணினிக்கு இறக்கையில் விழுந்த ஓட்டை தெரியாது. அதை ஊகித்து, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்த மனிதர்கள் வேண்டியிருந்தது.

கேப்டனுக்கும் அதே மறுப்பு கிடைத்தது. மீதி இன்ஜின்களும் நின்றுபோனால் மிதந்தே சாங்கிக்குத் திரும்ப வசதியாக 10,000 அடிக்கு ஏறிவிடலாம் என்று டி கிரெஸ்பினி நினைத்தார். உடனிருந்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவர் அந்த யோசனையை விட்டுவிட்டார். இதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். விமானத்தின் தலைவர் அவர்தான், கடைசி வார்த்தை அவருடையதுதான். இருந்தும் மற்றவர்கள் மறுத்துப் பேச முடிந்தது, அவரால் கேட்டுக்கொள்ள முடிந்தது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழுதுகளின் பட்டியல் நீண்டுகொண்டே போனபோது கேப்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். என்னென்ன போய்விட்டது என்று எண்ணுவதை விட்டு, என்னென்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். வெள்ளம் வடிந்த வீட்டில் அடித்துக்கொண்டு போனதை எண்ணி உட்கார்ந்தால் அன்றைக்கு உலை ஏறாது. அடுப்பு இருக்கிறதா, அரிசி எத்தனை படி இருக்கிறது என்று பார்ப்பவள்தான் பிள்ளைகளுக்குச் சோறு போடுவாள். அப்போலோ 13 விண்கலம் ஆபத்தில் சிக்கியபோது தரையிலிருந்து வழிநடத்திய ஜீன் கிரான்ஸ் இதே கேள்வியைத்தான் கேட்டார் என்பது டி கிரெஸ்பினியின் நினைவுக்கு வந்ததாம். மிச்சம் இருப்பதைக் கூட்டிப் பார்த்தார்கள். அது ஒரு விமானத்தைப் பறக்கவைத்து இறக்கப் போதுமானதாக இருந்தது.

இதற்குள் பின்னால் என்ன நடந்தது? பணியாளர் தலைவர் மைக்கேல் வான் ரெத் உட்பட 24 பேர் கேபினில் இருந்தார்கள். காக்பிட்டை அவசர அழைப்பில் கூப்பிட்டும் பதில் வரவில்லை. அடித்துக்கொண்டே இருந்த எச்சரிக்கை ஒலிகளோடு அந்த அழைப்பும் சேர்ந்துவிட்டது; விமானிகள் அதையும் இன்னொரு எச்சரிக்கை என்றே எண்ணினார்கள். தேர்ந்த ஐவர் இருந்த காக்பிட்டிலேயே இது நடந்தது. காதும் கண்ணும் ஓரளவுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது.

பிறகு ஜான்சன் எழுந்து கேபினுக்குப் போனார். பயணிகளில் ஒருவர் அதே நிறுவனத்தின் விமானி. சீட்டுக்கு முன்னால் படம் பார்க்கும் திரையை அவர் ஜான்சனுக்குக் காட்டினார். வாலின் உச்சியில் இருக்கும் கேமராவின் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. இடது இறக்கைக்குப் பின்னால் எரிபொருள் கோடாக ஒழுகிக்கொண்டே வந்தது. கணினித் திரை காட்டாததைப் பயணியின் திரை காட்டியது. ஜான்சன் திரும்பி வந்து கண்டதைச் சொன்னார். இறக்கையில் ஓட்டை இருப்பது இனி ஊகமல்ல.

அடுத்த கேள்வி, நிற்குமா? சிட்னி வரைக்கும் எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய விமானம். வெளியே கொட்டவும் வழியில்லை. எடை சுமார் 440 டன், இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்டதைவிட ஏறத்தாழ 50 டன் அதிகம். பிரேக் அரைகுறை. வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கைப் பலகைகள் வராது, அதனால் வழக்கத்தைவிட வேகமாகத்தான் வரவேண்டும். பழுதுகளையெல்லாம் கணினியில் போட்டு எவ்வளவு ஓடுபாதை வேண்டும் என்று கேட்டார்கள். முதல் முறை விடையே வரவில்லை. உள்ளே போட்ட விவரங்களை மறுபடி பார்த்தார்கள். ஓடுபாதை ஈரம் என்று கணக்கில் இருந்தது. அன்று சாங்கியில் பாதை காய்ந்திருந்தது. அதை நீக்கிவிட்டுக் கேட்டதும் விடை வந்தது. 4,000 மீட்டர் ஓடுபாதையில் 100 மீட்டர் மிச்சம் இருக்கும்.

இறங்குவதற்கு முன் சற்று உயரத்தில் வைத்தே விமானத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்து, அந்த வேகத்தில் சொன்னபடி கேட்கிறதா என்று சோதித்தார்கள். சக்கரங்களைத் தம் எடையிலேயே இறங்கவிட்டார்கள். சுமார் 1,000 அடியில் ஆட்டோபைலட் விட்டுப்போனது. கேப்டன் அதை மறுபடி மாட்டாமல் கையாலேயே ஓட்டி வந்தார். வேகம் கூடினால் பாதை போதாது, குறைந்தால் இறக்கை தாங்காது. கிளம்பி ஒரு மணி 50 நிமிடம் கழித்து, 11.46க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. பாதையின் முடிவுக்குச் சுமார் 150 மீட்டர் முன்னால் விமானம் நின்றது.

கதை இங்கே முடிந்ததென்று தோன்றும். முடியவில்லை. உடைந்த இறக்கையிலிருந்து எரிபொருள் தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பிரேக் 900 டிகிரி சூட்டில் இருந்தது. முதல் எண் இன்ஜினை நிறுத்தச் சொன்னால் நிற்கவில்லை. கட்டளை கொண்டுபோகும் கம்பிகள் அறுந்திருந்தன. தீயணைப்பு வீரர்கள் நுரையையும் நீரையும் அதற்குள் பீய்ச்சி நிறுத்தச் சுமார் மூன்று மணி நேரம் ஆனது. உள்ளே மின்சாரம் பேட்டரிக்கு வந்துவிட்டது, ஏ.சி. இல்லை, காக்பிட்டில் வேலை செய்தது ஒரே ஒரு ரேடியோ.

கதவுகளைத் திறந்து சறுக்குகளை விரித்து எல்லோரையும் வெளியே தள்ளலாம். கண் முன்னால் இருந்த வழி அதுதான். ஆனால் இரண்டு மாடி உயரத்திலிருந்து சறுக்கினால் வயதானவர்களுக்குக் கைகால் முறியும். விழும் இடத்தில் எரிபொருள். பக்கத்தில் ஓடும் இன்ஜின். தீ இல்லாதவரை விமானத்துக்குள் இருப்பதே மேல் என்று ஐவரும் கலந்து முடிவெடுத்தார்கள். வலப்பக்கத்தில் ஒரே ஒரு கதவுக்கு ஏணியைக் கொண்டுவரச் செய்து, அதன் வழியாகப் பயணிகளை வரிசையாக இறக்கினார்கள். முதல் பயணி இறங்கவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசி ஆள் இறங்க மேலும் ஒரு மணி. அந்த நேரம் முழுவதும் மற்றக் கதவுகளில் பணியாளர்கள் நின்றார்கள். தீப்பொறி ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியே சறுக்கு விரியும்படி தயார் நிலையில் வைத்திருந்தார்கள். புழுக்கத்திலும் பயத்திலும் இருக்கும் நானூறு பேரை உட்காரவைத்துக்கொண்டு, முகம் மாறாமல், கை கதவிலேயே இருக்க நிற்பது எவ்வளவு பெரிய வேலை! சாப்பாட்டுத் தட்டு கொடுப்பவர்கள் என்று நாம் நினைக்கும் அந்தப் பணியாளர்களின் உண்மையான தொழில் இதுதான். 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.

பழி எங்கே? ஒரு சிறு எண்ணெய்க் குழாயில். இன்ஜினுக்குள் இருக்கும் அந்தக் குழாயின் உட்புறத்தைக் குடையும்போது மையம் விலகிப்போனது. ஒரு பக்கச் சுவர் மெலிந்தது. மெலிந்த இடத்தில் விரிசல் விழுந்து, எண்ணெய் கசிந்து, உள்ளேயே பற்றி எரிந்தது. அந்தச் சூட்டில் டர்பைன் தட்டு தன் தண்டிலிருந்து விடுபட்டு, கட்டில்லாமல் வேகமெடுத்து உடைந்தது. அந்த வகை இன்ஜின்கள் அதன்பின் சோதிக்கப்பட்டன. விமானத்தையும் பழுதுபார்த்து 2012இல் மறுபடி பறக்கவிட்டார்கள்.

இப்போது இன்னொரு காக்பிட்டையும் பார்த்துவிடலாம். 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாந்து. யுனைடெட் 173 என்ற டிசி-8 விமானம் இறங்கப் போகும்போது சக்கரம் இறங்கிய சத்தம் வித்தியாசமாகக் கேட்டது, அது பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. கேப்டன் அனுபவசாலி. சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்துச் சக்கரத்தைப் பற்றியே யோசித்தார், பயணிகளைத் தயார்படுத்தினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடன் இருந்தவர்களுக்கு அது தெரியும். சொல்லவும் சொன்னார்கள், ஆனால் மரியாதையாக, மென்மையாக, கேப்டனின் காதில் ஏறாதபடி. நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானம் நகரத்தின் புறத்தே விழுந்தது. 189 பேரில் பத்துப் பேர் இறந்தார்கள். சக்கரம் இறங்கித்தான் இருந்தது.

இரண்டு காக்பிட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. வட்டமடித்ததும் இரண்டிலும் பொது. தேவையான செய்தி இரண்டிலும் யாரோ ஒருவரிடம் இருந்தது. சாங்கிக்கு மேலே அது ஐந்து பேருக்கும் பொதுவானது. போர்ட்லாந்தில் அது சொன்னவர் வாயோடு நின்றுபோனது. அந்த விபத்துக்குப் பிறகுதான் விமான உலகம் இதை ஒரு பாடமாகவே நடத்தத் தொடங்கியது. 1981இல் யுனைடெட் நிறுவனம் அதற்கென்று ஒரு பயிற்சியை ஆரம்பித்தது. இன்று அது உலகம் முழுவதும் கட்டாயம். க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சி.ஆர்.எம். என்பார்கள். இளையவர் தன் சந்தேகத்தைத் தெளிவாக, தேவைப்பட்டால் திரும்பத் திரும்பச் சொல்லப் பழக வேண்டும். மூத்தவர் அதைக் கேட்டு வாங்கப் பழக வேண்டும். சாங்கியில் கேப்டனைப் பார்த்து மற்றவர்கள் “வேண்டாம்” என்று சொன்னது துடுக்கு இல்லை, பல வருடங்கள் பயின்ற ஒழுங்கு.

இதை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம், விமானப் பயம் போக வேண்டும் என்பது மட்டுமல்ல. நம் ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில், மின்வாரியத்தில், கட்டட வேலையில், பட்டாசு ஆலையில் இதே காக்பிட் இருக்கிறது. “பெரியவர் இருக்கும்போது நமக்கெதற்கு” என்று விழுங்கப்படும் சொல் அங்கே தினமும் இருக்கிறது. மரியாதை என்று நாம் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். தப்பு நடக்கப் போவதைக் கண்டவர் சின்னவராக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வதுதான் பெரியவருக்குச் செய்யும் மரியாதை. சின்னவர் அப்படிச் சொல்லும்படியான இடத்தை உண்டாக்கி வைப்பதும், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று முதலில் கேட்பதும் மேலே இருப்பவரின் பொறுப்பு.